தாளில் இல்லாத ஒரு வரி

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலையில் கன்னியம்மா சொன்ன பொய், செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் கைகால் முளைத்துக் கள்ளிக்குப்பம் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

பொய் என்றால் பெரிய பொய் இல்லை. யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லை. ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பெரிய சிஸ்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டாள். வில்லங்கம் அங்கேதான்.

நடந்ததை மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

புனித மோனிக்கா எலிமெண்டரி பள்ளியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குடும்பங்களுக்கு ஒரு செய்தித்தாள் வரும். காகிதத்துக்குத் தட்டுப்பாடான காலம். அரிசிக்கே வரிசையில் நிற்கிறபோது காகிதத்துக்கு எங்கே போவது? அதனால் பிள்ளைக்கு ஒரு தாள் கிடையாது, தெருவுக்கு ஒரு தாள். அந்தந்தத் தெருவில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு தாயாரின் கையில் அது போய்ச் சேரும். அவள் அதைச் சனிக்கிழமை காலையில் குழாயடியில் நின்று மற்றவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது பள்ளிக்கூடம் போட்ட ஏற்பாடு.

இந்தத் தெருவுக்கு அந்தத் தாயார் கன்னியம்மா. பூந்தமல்லியில் ஏழாவது வரை படித்தவள். எட்டாவதுக்குப் போகிற வருஷம் பெரியவளாகிவிட்டாள் என்று அவளுடைய அப்பா புத்தகப் பையை மச்சில் தூக்கிப் போட்டார். அந்தப் பையை மறுபடி யாரும் இறக்கவில்லை.

கன்னியம்மா படித்தால் குழாயடிச் சண்டை கூட அந்த நேரத்துக்கு நின்றுவிடும். சிஸ்டரின் குரலையே கொண்டு வந்துவிடுவாள். மாதத்தின் முதல் வெள்ளிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் காலைப் பூசைக்கு வரவும், மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல் வந்தால் போதும். பால் பவுடர் வந்திருக்கிறது, தம்ளர் கொடுத்தனுப்பவும், தம்ளரில் பெயர் வெட்டியிருக்க வேண்டும். பேன் உள்ள பிள்ளைகளுக்கு வேப்பெண்ணெய் தடவி அனுப்பவும். பெண் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். இப்படிப் போகும்.

போன சனிக்கிழமை அவள் பால் பவுடருக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்தாள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்பும் தாய்மார்கள் செவ்வாய்க்கிழமை பள்ளி விடும் நேரத்தில் வந்து தலைமையாசிரியையைப் பார்க்கவும், வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும் என்று.

அந்தக் கடைசித் துண்டுதான் வேலை செய்தது. காரணம் சொல்ல வேண்டும் என்பது சிஸ்டரின் முத்திரை வாசகம். அது வந்துவிட்டால் காய்ச்சலோடாவது போய் நிற்பார்கள்.

ஏன் சேர்த்தாள் என்றால், அதற்குக் காரணம் அவளுடைய மகள் பேபி. பேபி ஐந்தாம் வகுப்பு. இன்னும் சில வாரத்தில் லீவு. புனித மோனிக்காவில் ஐந்தோடு சரி. ஆறாவது வேண்டுமானால் அம்பத்தூர் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ரயில் பாதையைத் தாண்டி, தொழிற்பேட்டை எஸ்டேட் லாரிகளுக்கு நடுவில் போக வேண்டும். பெண் பிள்ளையை அந்த வழியில் அனுப்ப மாட்டேன் என்று அப்பன் உலகநாதன் ஒரே பிடியாக நின்றான். இந்தச் சமயம் பார்த்து அவனுடைய அக்கா ராஜம்மா வானகரத்திலிருந்து வந்து, ஐந்து முடிந்ததும் பேபியைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டாள். உலகநாதன் தலையாட்டிவிட்டான்.

கன்னியம்மா சிஸ்டரிடம் ஓடினாள். நம் பள்ளியிலேயே ஆறாவது திறக்கக் கூடாதா என்று கேட்டாள். சிஸ்டர் அனஸ்தாசியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்ன பதில் அவள் மனசில் அப்படியே பதிந்துவிட்டது.

"யாரும் கேக்கலையே கன்னியம்மா. கேக்காத வகுப்புக்காக நான் எப்படித் தாளாளர் சாமியார்கிட்ட போய் நிக்கிறது?"

கேட்கவில்லை, அவ்வளவுதானே? கேட்க வைத்தால் போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் கன்னியம்மா.

இனி செவ்வாய்க்கிழமை.

•

காலையில் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்று முடித்து, பானையைக் கழுவிக் கவிழ்த்தபோது உலகநாதன் சாப்பிட உட்கார்ந்தான். வார்ப்படக் கம்பெனியில் வேலை அவனுக்கு. சாதுவான மனுஷன். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான், அதனால் யார் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவான். கன்னியம்மாவுக்கு அவனிடம் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான்.

டீக்கடையில் அடுத்த வீட்டுக் கலீல் ரகுமானைப் பார்த்தானாம். கலீல் தன் வீட்டுக்காரி நசீம் பானு இன்று பள்ளிக்கூடத்தில் ஏதோ மீட்டிங்குக்குப் போகிறாள், உன் வீட்டிலும் போகிறார்களா என்று கேட்டானாம். உலகநாதனுக்கு ஒன்றும் தெரியாததால் விழித்தானாம்.

"இன்னா மீட்டிங்கு கன்னி?"

"பொம்பளைங்க மீட்டிங்குய்யா. உனக்கு இன்னாத்துக்கு?" என்று இன்னும் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தாள்.

அவன் அதோடு விட்டுவிட்டான். அவன் மேலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லியிருக்க மாட்டாள் என்பது நமக்குத் தெரியும்.

கை கழுவும்போதுதான் உலகநாதன் மெதுவாகச் சொன்னான். அக்கா இன்று மத்தியானம் வருகிறதாம். பேபிக்கு வானகரத்துக்கு எடுத்துப் போக என்னென்ன துணிமணி இருக்கிறது, இல்லை என்று பார்க்க வேண்டுமாம்.

கன்னியம்மா கவிழ்த்து வைத்த பானையை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். ஆனால் அது ஒரு நிமிஷம்தான். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே பயம் முதலில் வரும், துணிச்சல் பின்னாலேயே வந்து அதை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

ராஜம்மா சொன்னபடி மத்தியானம் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை, முகமெல்லாம் வெயில். உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குழந்தை நல்ல கனம். ராஜம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்தவன். புருஷன் வேம்புலிக்கு மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அரிசி மில்லில் அவள் சம்பாத்தியம்தான் வீட்டை ஓட்டுகிறது. குழந்தையை மில் தூசியில் போட்டுவிட்டு எத்தனை நாள் நெல் புடைப்பாள்?

இதெல்லாம் கன்னியம்மாவுக்குத் தெரியாதது இல்லை. நாத்தனாரை அவளால் வெறுக்க முடியவில்லை. அம்மா செத்த வீட்டில் பூக்கட்டி விற்றுத் தம்பியை ஆளாக்கியவள். தான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் தம்பியை நாலாவது வரை அனுப்பியவள். அப்படிப்பட்டவள் ஒன்று கேட்டால் உலகநாதனால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? எதிரி கெட்டவளாக இருந்துவிட்டால் சண்டை போடுவது எவ்வளவு சுலபம்.

பள்ளி விடுகிற நேரம் நெருங்கியது. கொஞ்சம் பள்ளிக்கூடம் வரை போய்விட்டு வருகிறேன், நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள் என்றாள் கன்னியம்மா.

"நானும் வரேன்," என்று ராஜம்மா எழுந்தாள். "பேபி படிச்ச பள்ளிக்கூடத்த நானும் ஒரு தபா பாக்குறேன்."

படிச்ச என்றா சொன்னாள்? கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

•

பத்துப் பதினைந்து பேர் வந்தால் பெரிது என்று கன்னியம்மா நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து கேட்டைத் திறந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை.

முற்றம் கொள்ளாத கூட்டம். அவள் தெருப் பெண்கள் மட்டும் இல்லை. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து கூட நாலைந்து பேர். ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். அந்தத் தெருத் தாளில் போட்டிருக்கிறதாம், நம் தெருத் தாளில் விட்டுப்போய்விட்டதாம், அப்புறம் காரணம் யார் சொல்லிக்கொண்டிருப்பது என்று கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்குகிற பொன்னியம்மா மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டு பாதி வேலையில் வந்திருந்தாள். துடைப்பம் கூட கையிலேயே இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தங்கள் அம்மாக்களைக் கண்டதும் என்ன தப்பு செய்தோம் என்று ஆளாளுக்கு முழித்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பின்னாலேயே சிஸ்டர் அனஸ்தாசியா வந்தார். பாளையங்கோட்டைக்காரர். குள்ளமான உருவம், பேச்சு நிதானம். கூட்டத்தைப் பார்த்தவர் வராந்தாப் படியிலேயே நின்றுவிட்டார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறிக் கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை, நோட்டீஸில் போட்டிருந்தது, வந்திருக்கிறோம் என்றார்கள் முன்னால் நின்றவர்கள்.

என்ன நோட்டீஸ் என்று சிஸ்டர் கேட்டார்.

கன்னியம்மாவின் தெருப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தாளைப் படித்தவள் அவள், பதிலும் அவளே சொல்லட்டும் என்கிற பார்வை. அதில் சந்தேகம் துளி கூட இல்லை. அந்த நம்பிக்கைதான் கன்னியம்மாவைக் குத்தியது. நோட்டீஸில் இருந்ததே சிஸ்டர், நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று சமாளிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு நாக்கிலேயே செத்தது.

அவள் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் சிஸ்டர். உங்க தாள்ல அது இல்ல. நானா சேத்துப் படிச்சேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சிஸ்டரின் முகம் சிவந்தது. ஏன் என்று மட்டும் கேட்டார்.

"யாரும் கேக்கலன்னு சொன்னீங்களே சிஸ்டர். கேக்குறவங்கள இட்டாந்துகீறேன்."

சிஸ்டர் பதில் சொல்வதற்குள் நசீம் பானு குறுக்கே வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. ஐந்து வருஷமாகக் கன்னியம்மா படித்தால் கேட்டு, அதன்படி நடந்தவள். அவள் குரலில் கோபத்தை விட வருத்தம் அதிகமாக இருந்தது.

"அப்போ மத்ததெல்லாம் இன்னாக்கா? அம்மை ஊசின்னு படிச்சியே, எம் புள்ளைய அழ அழ இட்டுகினு போனேனே. அதுவும் நீ சேத்ததா?"

இந்தக் கேள்வியைக் கன்னியம்மா எதிர்பார்க்கவில்லை. ஒரு வரியைச் சேர்த்தால் அந்த ஒரு வரிதான் பொய்யாகும் என்று நினைத்திருந்தாள். ஐந்து வருஷத்து வார்த்தையெல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும் என்று யார் கண்டது?

"சத்தியமா இல்ல பானு. அது ஒண்ணுதான். எம் பேபிக்கு ஓசரம் சேத்தேன்."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு பேர் அவள் பின்னால் போனார்கள். எல்லாம் கலைந்துவிடும் போலிருந்தது. ராஜம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பொன்னியம்மா துடைப்பத்தைக் கீழே ஊன்றினாள்.

"மேஸ்திரி வாய்ல உயுந்து எயுந்து வந்துகீறேன் கன்னியம்மா. உன்ன அப்பாலிக்கா பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "அவ சேத்தாளோ, நீங்க போட்டீங்களோ, வந்தது வந்தாச்சு. இப்ப நானே கேக்குறேன் சிஸ்டர். எம் பொண்ணுக்கு ஆறாவது வோணும். நான் பெருக்குற மாரி அதுவும் பெருக்க வோணாம்."

கேட்டுக்குப் போனவள் அங்கேயே நின்றாள்.

அப்புறம் நடந்ததைக் கன்னியம்மா வாழ்நாளில் மறக்க மாட்டாள். ஒருத்தி தன் மகளின் பேரைச் சொன்னாள். இன்னொருத்தி சொன்னாள். பேரைச் சொல்லும்போது மகளின் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள். நசீம் பானு கன்னியம்மாவின் பக்கமே திரும்பவில்லை. ஆனாலும் தன் மகள் வஹீதுன்னிசாவை அழைத்து வந்து படியருகே நிறுத்தினாள். ஆண் பிள்ளை மட்டும் பெற்ற ஒருத்தி, எனக்கு இல்லாவிட்டால் என்ன, என் ஓரகத்திக்கு இரண்டு இருக்கிறது, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிஸ்டரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் பேர்கள் நின்றன. சிஸ்டர் படியிலிருந்து இறங்கிக் கன்னியம்மாவின் முன்னால் வந்தார்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க சொல்லலையே. பேபி?"

இத்தனை பேரைக் கூட்டியவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. பக்கத்தில் ராஜம்மா. வீட்டில் உலகநாதன் கொடுத்த வாக்கு.

"அது எங்க ஊட்டுக்கு வருது சிஸ்டர். எந்தம்பி சொல்லிட்டான்," என்றாள் ராஜம்மா. அதட்டலாகச் சொல்லவில்லை. நடக்கப் போவதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பேபி மற்றப் பெண்களோடு படியருகே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் தள்ளவில்லை, தானாகவே போய் நின்றிருந்தாள். பேர் சொல்லப்படாதவள் அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கன்னியம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். மச்சில் கிடந்த புத்தகப் பையைப் பார்த்துக்கொண்டு தான் அன்று நின்றதைப் போலவே இருந்தது.

"எழுதிக்கோங்க சிஸ்டர். பேபி, அப்பா பேரு உலகநாதன்," என்றாள்.

•

சிஸ்டர் இரண்டு விஷயம் சொன்னார்.

ஒன்று, தாயார்கள் கேட்டால் மட்டும் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற பாதிரியாரான தாளாளர் சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். நாளைக்குத் தகப்பன்மார் வந்து பிள்ளையை நிறுத்திவிட்டால் வகுப்புக்கு வாத்தியாரைப் போட்டுவிட்டு யார் அவமானப்படுவது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையின் தகப்பனும் நேரில் வந்து, சாமியாரிடம் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். தகப்பன் வராத பிள்ளையின் பேர் அடிக்கப்படும்.

இரண்டாவதைச் சொல்லும்போது சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த வாரத்திலிருந்து அந்தத் தெருவுக்குத் தாளை நசீம் பானு படிக்கட்டும், அவளுக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும் என்றார். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நியாயம்தான். ஆனாலும் வலித்தது. சனிக்கிழமைக் காலையில் குழாயடியில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வாரத்தில் அவள் இட்லிக்காரியாக இல்லாமல் இருந்த நேரம்.

வீடு திரும்பும் வழியில் பேபிதான் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவனும் அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஏதோ பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவன் மாதிரித் தூங்கிப் போனான்.

எஸ்டேட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் உலகநாதன் வந்துவிட்டான். செய்தி அவனுக்கு முன்னாலேயே தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தது. முகம் கழுவக் கூட இல்லை, வாசல்படியில் உட்கார்ந்தான்.

ராஜம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அது கன்னியம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

உலகநாதன் சத்தம் போட்டிருந்தால் கூடத் தேவலை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன் கன்னி. அது எனக்குப் போட்ட சோறு ஒடம்புல ஓடுது. நான் இன்னான்னு போய் சாமியார்கிட்ட மாத்திச் சொல்றது?"

கன்னியம்மாவுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சண்டைக்கு அவனிடம் போவதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. நேராக நாத்தனாரின் எதிரில் போய் உட்கார்ந்தாள். குழந்தையை இங்கேயே விட்டுவிடுங்கள், என் பிள்ளையாட்டம் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மில்லுக்குப் போங்கள், வாரம் ஒரு தடவை வந்து பாருங்கள் என்றாள். வாயளவுக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

ராஜம்மா சட்டென்று குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கண்ணில் பயமே வந்துவிட்டது.

"இன்னா பேச்சு பேசுற? எத்தினி கோயில் ஏறி எறங்கிப் பெத்தேன். பொயுது சாஞ்சா இது மூஞ்சியப் பாக்காம எனக்குச் சோறு எறங்குமா?"

"எனக்கு மட்டும் எறங்குமா அண்ணி?"

ராஜம்மா பிடியைத் தளர்த்திக் குழந்தையின் சட்டையை இழுத்து விட்டாள்.

உள்ளே பேபி அடுப்புப் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். உலகநாதன் எழுந்து தொட்டியடிக்குப் போய், இரண்டு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். துண்டால் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"ஞாயித்துக்கெயம பூசை எத்தினி மணிக்கு முடியுது?"

எட்டு மணிக்கு என்றாள் கன்னியம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அவன் பின்வாங்கிவிடுவான் என்று தெரியும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் தன் அக்காவின் எதிரில் இவ்வளவு தூரம் வந்தது இதுவே முதல் தடவை.

ராஜம்மா தம்பியை உற்றுப் பார்த்தாள். நீ மணிதானே கேட்டாய், போகிறேன் என்று சொல்லவில்லையே என்றாள். உலகநாதன் துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

வானகரத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அண்ணி கிளம்புவாள், தெருமுனை வரை கூடப் போகலாம் என்று கன்னியம்மா எழுந்தாள். ராஜம்மா எழுந்திருக்கவில்லை. குழந்தையின் மாற்றுத் துணியைப் பையிலிருந்து எடுத்துக் கொடியில் உலகநாதனின் துண்டுக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு பாயை இழுத்து விரித்தாள்.

"ஞாயித்துக்கெயம வரைக்கும் நான் இங்கதான் கீறேன். அந்தச் சாமியாரக் கண்டு நானும் ரெண்டு வார்த்த பேசணும்."

என்ன வார்த்தை என்று கேட்கக் கன்னியம்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் ராஜம்மா சொல்லியிருக்க மாட்டாள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, குழந்தையைத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.